பாலத்தின் மேல் சொல்லக் கூடாத சொல்

உன்னுடைய பித்தளை டிபன் கேரியரைப் புளி போட்டுத் தேய்க்கலாம் என்று இன்று காலை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் பூண்டு வாசனை அடித்தது. மேலடுக்கில், கீழடுக்கில், பிடியின் இடுக்கில்கூட அதே வாசனை. இத்தனை நாளாக அதில் நான் பூண்டுக் குழம்புதான் கொண்டுபோகிறேன், வேறு என்ன வாசனை வரும்? ஊறவைத்த புளியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். தேய்க்கக் கை வரவில்லை. "இன்னிக்கி ஆபீஸ் இல்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

கேரியரைக் கேட்டு உன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து நம் ஆபீசுக்கு வரும் டெஸ்பாட்ச் பெரியவர் நேற்று என் மேஜையருகே வந்து நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்ககிட்ட அந்தப் பொண்ணோட கேரியர் இருக்காமே. அவா அம்மா கேக்கறா. பொண்ணு கை பட்டதுன்னு ஆத்துல ஒண்ணாவது இருக்கட்டும்ங்கறா." எனக்குச் சுரீர் என்று வந்தது. பெற்றவள் கேட்கிறாள், கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நீ சொல்வாய். நான் முதலில் நினைத்தது, அவருக்குத்தான் உன் பாவாடை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, நீ பிறந்து வளர்ந்த வீடு இருக்கிறது, எனக்கு இந்த ஒன்றுதானே என்று.

உன்னிடம் எதை மறைத்து என்ன? உன்மேல் எனக்கு இருந்தது பொறாமை. சிநேகமும் இருந்தது, ஆனால் பொறாமைதான் முதலில் வந்து உட்கார்ந்தது, சிநேகம் அப்புறம் வந்து பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது. இறந்தவர்கள் மேல் பொறாமைப்பட யாருக்கும் மனசு வராது என்று நினைத்திருந்தேன். நீ டெல்லியில் காய்ச்சலில் போய்விட்டாய் என்று சேதி வந்தபோது, அழுது முடித்த கையோடு எனக்குத் தோன்றியது, இனி இவளை எப்படி ஜெயிப்பது என்றுதான். ஒரே ஒரு முறை, நிஜமாக, உன்னை ஜெயிக்க வேண்டும். அதைத் தவிர உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை.

எல்லாம் அந்த மானேஜரால் வந்தது. மெயின்கார்டு கேட் பக்கம் பம்ப்செட் விற்கும் கம்பெனியில் நீயும் நானும் ஒரே மாதத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தோம். நீ இண்டர்மீடியட், நான் எஸ்.எஸ்.எல்.சி. உன் வீட்டில் சுவாமி அலமாரிக்குப் பக்கத்திலேயே புத்தக அலமாரி. என் அப்பாவோ லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்தவர். எங்கள் வீட்டில் அச்சடித்த காகிதம் என்றால் பஞ்சாங்கமும் காலண்டரும்தான். மதராஸிலிருந்து மாற்றலாகி வந்த மானேஜருக்கு நம் கடிதங்களில் ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கண்டால் ஆகாது. ஜி-இ-டி, கெட். எங்கே கண்டாலும் நீலப் பென்சிலால் வட்டம் போட்டுக் காகிதத்தைத் திருப்பி அனுப்புவார். "சோம்பேறிகளுடைய சொல் அம்மா இது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் யோசிக்காமலே ஆயுசை ஓட்டிவிடலாம்" என்பார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நமக்கு வாங்குவது வேறு, கிடைப்பது வேறு. பஸ்ஸில் ஏறுவோம், இறங்குவோம், தூக்கத்திலிருந்து எழுந்திருப்போம், மழையில் நனைவோம், விஷயம் புரியும், முரண்டு பிடிப்பவனைச் சரிக்கட்டி ஒரு காரியத்தைச் செய்ய வைப்போம். வெள்ளைக்காரன் இத்தனைக்கும் கெட் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறான். ஆனால் அவனிடமும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல் இருக்கிறது, பரணில் போட்டு வைத்திருக்கிறான் என்று நீதான் கண்டுபிடித்தாய். ரிசீவ், அப்டெய்ன், செக்யூர், அக்வயர், ஃபெட்ச். இறங்குவதற்கு அலைட். காய்ச்சலிலிருந்து தேறினால் ரிகவர். தப்பிப்பதற்கு எஸ்கேப். நான் ஒரு சொல்லை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் நீ மூன்றைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவாய்.

பாலத்து விளையாட்டும் உன் யோசனைதான். திருவானைக்காவலிலிருந்து நான் நடந்து வருவேன், ஸ்ரீரங்கத்திலிருந்து நீ வருவாய், மாம்பழச் சாலையில் சேர்ந்துகொள்வோம். அதுவரை தமிழ். காவிரிப் பாலத்தில் கால் வைத்தால் இங்கிலீஷ். அந்தக் கரை இறங்கும்வரை வேறு பேச்சு கிடையாது, கெட் என்ற சொல்லும் கிடையாது. முதலில் அதைச் சொல்கிறவள் தோற்றவள். தோற்றவள் இரண்டு பேர் கேரியரையும் ஆபீஸ் வரை தூக்க வேண்டும்.

பாலத்தில் நம்மைக் கடந்து போகும் தயிர்க்காரிகளும் மாட்டு வண்டிக்காரர்களும் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு ஜட்காக்காரர் வண்டியை மெதுவாக்கிக்கொண்டு கூடவே வந்தார். கடைசியில், "ஏம்மா, ரெண்டு பேருக்கும் சண்டைன்னா தமிழ்லயே போட்டுக்குங்க, நாங்களும் கேப்போம்ல" என்றார். நீ சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது.

தோற்பது எப்போதும் நான்தான். நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டே, எதையோ யோசிப்பவள் மாதிரி, ஒரு கேள்வியைப் போடுவாய். மழை வந்தால் என்ன ஆகும்? அவ்வளவுதான், "வீ வில் கெட்" என்று என் வாய் பாதி திறந்திருக்கும். நீ உன் கேரியரை நீட்டுவாய். அப்போது உன் முகத்தில் பெருமைகூட இருக்காது. அதுதான் எனக்குத் தாங்காது. பெருமைப்பட்டாலாவது உன்னைத் திட்டலாம். உனக்கு அது சிரமமே இல்லை, படித்துறையில் கால் நனைக்கிற மாதிரி. நானோ வீட்டில் ஆட்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டே செக்யூர், ப்ரொக்யூர் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அம்மா கேட்டுவிட்டு, "எந்தச் சாமிக்குடி இந்த மந்திரம்?" என்பாள்.

மத்தியானம் மட்டும் நான் ஜெயிப்பேன். அது விளையாட்டில் சேர்த்தி இல்லை. ஆபீஸ் பின்கட்டில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தால் உன்னுடையதில் நீங்கள் சாத்தமுது என்கிற ரசமும் தயிர்சாதமும் பக்குவமாக இருக்கும். நீ அதைப் பார்க்கவே மாட்டாய். "உன் கொழம்பைத் தள்ளுடி" என்பாய். உங்கள் வீட்டில் வெங்காயமும் பூண்டும் வாசற்படி தாண்டாது. என் அம்மா வைக்கும் பூண்டுக் குழம்பை உன் கேரியர் மூடியில் ஊற்றி, உன் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு, விரலை விரலாக நக்குவாய். "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுடி?" என்று நான் கேட்பேன். "இதுக்கெல்லாம் அவாகிட்ட சொல் கிடையாது" என்பாய்.

அப்புறம் மானேஜர் ஒரு நாற்காலியைப் போட்டார். அவர் அறைக்குள்ளேயே, ஜன்னலோரம். பம்பாய் தலைமை ஆபீசுக்குப் போகும் கடிதங்களை அவர் சொல்லி டைப் அடிப்பதில்லை இனி, விஷயத்தை மட்டும் சொல்வார், கடிதத்தை நாமே எழுத வேண்டும். டைப்பிஸ்ட் இல்லை, கரஸ்பாண்டன்ஸ் கிளார்க். யார் என்று பரீட்சை வைத்துப் பார்ப்பேன் என்றார். அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் காகிதத்தில் சொந்தமாக ஒரு வரி எழுதி அதை நாலு பேர் படித்தார்கள் என்று இருந்ததில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நீ தோற்க ஆரம்பித்தாய். பாலத்தில் ஏறிப் பத்தடி நடப்பதற்குள் உன் வாயில் கெட் வந்துவிடும். முதல் நாள் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. என் கேரியரை உன்னிடம் நீட்டிவிட்டு, வாங்கிக்கொள்கிறாயா என்று பார்த்தேன். மறுநாளும் தோற்றாய். அதற்கு மறுநாளும். தினமும் நீ இரண்டையும் தூக்கிக்கொண்டு, தோள் சாய்ந்து நடந்து வருவாய். நான் கையை வீசிக்கொண்டு, காவிரியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவள் மாதிரி நடப்பேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன், "அவளுக்கு இப்ப மூளை மழுங்கிடுச்சும்மா, நான் முந்திட்டேன்" என்று. நினைத்தாலே இன்றைக்கும் காது சூடாகிறது.

பரீட்சை வந்தது. முசிறிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, ஊர் வாத்தியாரைப் பிடித்து எழுதி அனுப்பிய புகார். அதை அப்படியே நம் இருவரிடமும் கொடுத்தார் மானேஜர். ஐ காட் யுவர் பம்ப்செட். ஐ ஆம் நாட் கெட்டிங் வாட்டர். மை பேடி இஸ் கெட்டிங் டிரை. மை ஃபாதர்-இன்-லா காட் ஆங்ரி. வென் ஷல் ஐ கெட் யுவர் மெக்கானிக்? பம்ப்செட் வந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை, பயிர் காய்கிறது, மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது, மெக்கானிக் எப்போது வருவார். இதைப் பம்பாய்க்கு எழுத வேண்டும். கெட் வரக் கூடாது, அதற்குப் பதிலாகப் போடும் சொல்லும் இரண்டு முறை வரக் கூடாது.

நான் வியர்க்க வியர்க்க எழுதினேன். ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சேர்த்த அத்தனை சொற்களையும் வரிசையாக இறக்கினேன். மானேஜர் என்னுடையதைப் படித்துக்கொண்டே வந்து மாமனாரிடம் நின்றார். த ஃபாதர்-இன்-லா ஹாஸ் அப்டெய்ன்ட் ஆங்கர். கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் கடையில் வாங்கினார் அம்மா?" என்று கேட்டார். ஆபீசே சிரித்தது. நீ சிரிக்கவில்லை, அதையும் நான் கவனித்தேன்.

உன்னுடையதை அவர் வாய்விட்டுப் படித்தார். த பம்ப் ஹாஸ் அரைவ்ட். த வாட்டர் டிக்ளைன்ஸ் டு ஃபாலோ. பம்ப் வந்து சேர்ந்தது, தண்ணீர்தான் கூட வர மறுக்கிறது. அதற்குக் கீழே, மாமனார் பொறுமை இழக்கிறார், பயிர் யாருக்காகவும் காத்திராது என்று எழுதியிருந்தாய். நாலே வரி. அந்த முசிறிக்காரரும் அவர் மாமனாரும் காய்கிற வயலும் அப்படியே கண்முன் நின்றார்கள். மானேஜர் நீலப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. நன்றாக எழுதியிருக்கிறாயே என்று எரிந்தது. அதைவிட, பரணிலிருந்து ஒரு பெரிய சொல்லைக்கூட நீ இறக்கவில்லையே என்று எரிந்தது.

சாயங்காலம் திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்றேன். பாலத்தில் தமிழ் பேசக் கூடாது என்ற விதியை உடைத்தேன்.

"இத்தனை நாளா என்னை ஜெயிக்க விட்டியா?"

நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாய்.

"சொல்லுடி. பரிதாபமா?"

"பரிதாபம் இல்லைடி. அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. கேரியர்ல பூண்டு வாசனை வரதுன்னு பிடிச்சுண்டுட்டா. அந்தப் பொண்ணு தூக்கறாளான்னு கேட்டா. ஆமான்னேன். சாதம் இருக்கிற பாத்திரம், பத்து, இனிமே உன் கையை விட்டுப் போகப்படாதுன்னு பெருமாள் முன்னாடி நிறுத்திச் சத்தியம் வாங்கிட்டா. இதை உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? தினம் தோத்துட்டா நானே தூக்கிண்டு வந்துடலாமேன்னு..."

"கொழம்பைத் தின்னது உன் நாக்கு. என் கைமேல பழியா?"

"அதைச் சொன்னா வேலைக்கே அனுப்பமாட்டாடி."

உன் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கோபம் உன் அம்மாமேல் என்றுதான் நீ கடைசிவரை நினைத்தாய். இல்லை. சாதம் இருக்கும் பாத்திரம் பத்து, அதை என் மாதிரி வேற்று ஜாதிக்காரி தொடக் கூடாது என்ற உங்கள் வீட்டு ஆசாரம் எனக்குத் தெரியாததா? ஸ்ரீரங்கத்துக்கு நான் வரும்போதெல்லாம் எனக்குத் தனி டம்ளர்தானே? அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். பொறுக்க முடியாதது, நான் ஜெயித்ததாக நினைத்த ஒவ்வொரு காலையும் நீ எனக்குப் போட்ட பிச்சை என்பதுதான். நீ தோற்பதில்கூட என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்குச் சந்தேகமே வராத மாதிரி தோற்றாயே!

கொஞ்ச நாள் நான் டவுன் பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பாலத்தில் நீ தனியாகக் கேரியரோடு நடப்பதைப் பார்க்காத மாதிரி பார்ப்பேன். நீ வாயை அசைத்துக்கொண்டு நடப்பாய். தனக்குத்தானே இங்கிலீஷ் பேசிக்கொள்கிறாள் என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். ஒரு நாள் பஸ் வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது. மாம்பழச் சாலையில் நீ குடையோடு நின்றாய். நேராகக் குடைக்குள் வந்துவிட்டேன். பாலத்தில் ஏறியதும் நீதான் ஆரம்பித்தாய், அதுவும் தமிழில். "நேத்திக்கு யோசிச்சேண்டி. நமக்கும் ஒரு கெட் இருக்கு. பஸ் வரது, காய்ச்சல் வரது, கோவம் வரது, தூக்கம் வரது, பணம் வரது, ஞாபகம் வரது. எல்லாத்துக்கும் வா, வா, வா. வெள்ளைக்காரன் கையை நீட்டிப் பிடிச்சுக்கறான். நாம உக்காந்துண்டு வரட்டும்னு இருக்கோம்." இத்தனை நாள் அந்தச் சொற்களுக்குள்ளேயே குடியிருந்தும் எனக்கு இது தோன்றவில்லையே என்று நான் குடைக்குள் நின்று புழுங்கினேன்.

அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்தது ஒரு வருஷம்கூட இருக்காது. டெல்லியில் மாப்பிள்ளை, சர்க்கார் உத்தியோகம் என்றார்கள். இடம் வந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி நீ அந்த நாற்காலியிலிருந்து இறங்கிப் போனாய். மானேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் அதற்காக எத்தனை கோயிலில் வேண்டிக்கொண்டேன், கடைசியில் நீ வேண்டாம் என்று எழுந்த இடம் எனக்கு வந்தது. இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகவே எழுதுகிறேன், மானேஜரே சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஒவ்வொரு கடிதத்தையும் எழுதி முடித்ததும் நீ எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வேன். பெரும்பாலும் உன்னுடையது ஒரு வரி குறைவாக இருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தாய், உன் தம்பி கல்யாணத்துக்கு. ஆபீசைப் பார்க்க வேண்டும் என்று ஒரு காலை மாம்பழச் சாலையில் வந்து நின்றாய். கையில் அதே பித்தளைக் கேரியர். புடவை பெரிய மனுஷி புடவை. உள்ளே இருந்தவள் பாதியாகியிருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. கேரியரைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே நடந்தாய்.

"டெல்லியில இங்கிலீஷ் கொட்டுமே உனக்கு" என்றேன். குரலில் இருந்த புளிப்பு எனக்கே கேட்டது.

"யாரோடடி பேசறது? பால்காரனோட ஹிந்தி, ஆத்துல தமிழ். எல்லாச் சொல்லும் பரண்லயே கிடக்கு. அவர் ஆபீஸ்லேர்ந்து வந்து பேப்பரைப் பிரிச்சா அதுக்குப் பின்னாடி இங்கிலீஷ் இருக்கும். நான் முன்னாடி நின்னுண்டு காபி வேணுமான்னு கேப்பேன்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என்னிடம் இருந்திருந்தால் நான் என்னவெல்லாம் செய்திருப்பேனோ அதையெல்லாம் இவள் சமையல்கட்டில் போட்டு மூடிவிட்டாளே என்று. பாலம் வந்தது. நீ மூச்சு வாங்கினாய். கேரியர் உன் முழங்காலில் இடித்தது. நான் பாலத்தில் கால் வைத்ததும், எந்தக் கேள்வியும் நீ கேட்பதற்கு முன்பே, சத்தமாகச் சொன்னேன்: "லெட் அஸ் கெட் கோயிங்."

நீ நின்றாய். என்னை மேலும் கீழும் பார்த்தாய். "வேணும்னே சொன்னே" என்றாய்.

"தோத்தவ தூக்கணும். குடு."

கொடுத்துவிடுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெருமாள் முன்னால் செய்த சத்தியம் இருக்கிறதே. நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் கேரியரை என் கையில் மாட்டிவிட்டாய்.

"மாமி?" என்றேன்.

"போன வருஷம் பெரிய ஜலதோஷம் வந்துதே, அதோட அம்மாவுக்கு மூக்கே போயிடுத்து. இப்போ பூண்டும் ஒண்ணு, பெருங்காயமும் ஒண்ணு." சிரித்தாய். அந்தச் சிரிப்பு மட்டும் இளைக்கவில்லை.

ஆபீசில் எல்லோரும் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். உன் பழைய நாற்காலியில் உன்னை உட்காரச் சொன்னார்கள், நான் பக்கத்தில் நின்றேன். மத்தியானம் என் குழம்பைத் துடைத்துச் சாப்பிட்டாய். போகும்போது கேரியரை என் மேஜைமேலேயே விட்டுவிட்டு, "அடுத்த தடவை வரச்சே இதுல பூண்டுக் கொழம்பு போட்டு வெச்சிரு, வாங்கிக்கறேன்" என்றாய். அடுத்த தடவை வரவில்லை.

இன்று காலை தேய்க்காத கேரியரை ஒரு கையிலும் என் கேரியரை ஒரு கையிலுமாக எடுத்துக்கொண்டு முதலில் ஸ்ரீரங்கம் போனேன். மாமி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு சின்ன உருவமாகிவிட்டார் தெரியுமா! கேரியரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அடுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மூக்கருகே கொண்டுபோய் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"ஏண்டியம்மா, எனக்கு ஒண்ணும் தெரியலை. இதுல என்ன வாசனை வரது, சொல்லேன்."

புளியின் வாசனை, பித்தளை வாசனை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "பூண்டு வாசனை வருது மாமி. தேச்சுத்தான் கொண்டாந்திருக்கணும்."

மாமி தலையை ஆட்டினார். "மாப்பிள்ளை சொன்னார். டெல்லியில அவ தானே பூண்டுக் கொழம்பு வெப்பாளாம். அக்கம்பக்கத்துக்காரா எல்லாம் கேட்டு வாங்கிண்டு போவாளாம், அத்தனை ருசியாம்."

பார்த்தாயா! அந்த நிலைமையிலும், உன் அம்மாவின் எதிரில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. இங்கிலீஷை நீ எடுத்துக்கொண்டாய், நாற்காலியை எடுத்துக்கொண்டாய், சரி. பூண்டுக் குழம்பு என் வீட்டுக் குழம்பு. அதிலும் என்னை முந்த வேண்டுமா?

மாமி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கேரியரின் மேலடுக்கில் புளியோதரை இருந்தது, கீழடுக்கில் தயிர்சாதம். மூடிக் கொக்கியை மாட்டி என்னிடம் நீட்டினார்.

"மாமி, நீங்க கேட்டீங்கன்னுதானே கொண்டாந்தேன்."

"கேட்டேன். அவ வாசனை இதுலதான் இருக்குன்னா, அது எனக்குத் தெரியலையே. உனக்குத் தெரியறது. நீயே வெச்சுக்கோ." பிறகு என் கையைப் பிடித்துக் கேரியரின் பிடிக்குள் வைத்து மூடினார். "உன் கையை விட்டுப் போகப்படாதுன்னு நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன். இப்போ உங்கிட்ட சொல்றேன். உன் கையை விட்டுப் போகப்படாது."

சாதம் இருக்கும் பாத்திரம், பத்து. மாமிதான் என் கையில் வைத்தார்.

மாம்பழச் சாலைக்கு வந்து பாலத்தில் ஏறினேன். ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். யாரோ ஒருவர் மணி என்ன என்று கேட்டார், தலையை மட்டும் அசைத்தேன். அக்கரை வரை ஒரு சொல் பேசவில்லை, அந்தச் சொல்லை மனதில்கூட வரவிடவில்லை. பாலத்தை இறங்கியபோதுதான் கைகளைப் பார்த்தேன். இரண்டு கேரியரும் என் கையில் இருந்தன.

நான் சொல்லவே இல்லையடி. நீயே சொல், தோற்காதவள் எதற்கு இரண்டையும் தூக்க வேண்டும்? இது அழுகுணி ஆட்டம். எழுந்து வந்து உன்னுடையதை நீ தூக்கு.